தைராய்டு, முடக்குவாதம், இப்போது சர்க்கரையும்: மூன்றையும் சேர்த்துச் சமாளிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 41. பத்து ஆண்டுகளாக ஹாஷிமோட்டோ தைராய்டு குறைபாட்டுக்கும், மூன்று ஆண்டுகளாக முடக்குவாதத்துக்கும் மருந்து சாப்பிட்டு வருகிறேன். சென்ற ஆண்டு சர்க்கரை நோய் என்று மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். ஐந்து மாதம் தவறாமல் சாப்பிட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 220-க்குக் கீழே இறங்கவில்லை, எடையோ ஏழு கிலோ குறைந்துவிட்டது. வேறொரு மருத்துவர் காட் ஆன்டிபாடி (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே தாக்குகிறதா என்று காட்டுவது), சி-பெப்டைடு (உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது) ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுத்த பிறகுதான், இது டைப் 2 அல்ல, பெரியவர்களுக்கு மெல்ல மெல்ல வரும் லாடா என்னும், உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு வகை என்று தெரிந்தது. மூன்று வாரமாக இன்சுலின் போடுகிறேன். காலையில் 110 காட்டும் மீட்டர், மதியம் ஒரு கரண்டி சோறு மட்டும் சாப்பிட்ட நாளிலும் மாலை நான்கு மணிக்கு 280 காட்டுகிறது. ஒளித்துச் சாப்பிடுகிறேன் என்று மாமியார் நினைக்கிறார்; அது மிகவும் வலிக்கிறது. தைராய்டு மாத்திரையையும் இன்சுலினையும் காலையில் எந்த வரிசையில் வைத்துக்கொள்வது?

மறுமொழி 1

சகோதரி, முடக்குவாதத்துக்கான மருந்துகளில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையை அதிகம் தொடாமல், மதியத்துக்குப் பிறகும் மாலையிலும்தான் ஏற்றிவிடும்; நீங்கள் சொல்லும் 110, 280 அப்படியே அந்த வடிவத்தில் இருக்கிறது. அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு மாத்திரையையும் சாப்பிட்ட நேரத்தைச் சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே குறித்து, இன்சுலின் எழுதித்தரும் மருத்துவரிடம் காட்டுங்கள். மதிய வேளை இன்சுலின் அளவை மட்டும் மாற்றினாலே போதுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிடலாம். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு அளவு மாறினால் இன்சுலின் தேவையும் மாறும் என்பதால், டிஎஸ்ஹெச் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி 2

என் மகளுக்கு 12 வயதில் டைப் 1 வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு ஊசி போட்ட பிறகும் சர்க்கரை 60-க்கு இறங்கத் தொடங்கியது. உணவு குடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை, கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் இன்னொரு தன்னெதிர்ப்பு நோயான சீலியாக் என்று டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. உங்களுக்கும் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்பே கோதுமையை விட்டுவிட்டால் முடிவு தவறாக வரலாம். எங்களுக்கு இட்லி, இடியாப்பம் எல்லாம் சிக்கலில்லை; சாம்பாரில் போடும் பெருங்காயம்தான் ஏமாற்றியது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது, டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

மறுமொழி 3

ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரையை யாராவது எழுதிக்கொடுத்தால், உங்களுக்கு இருப்பது லாடா என்று அவசியம் சொல்லுங்கள். இன்சுலின் சுரப்பு குறைந்தவர்களுக்கு அந்த வகை மருந்தினால், சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்னும் ஆபத்தான அமிலம் ஏறிவிடலாம். வாந்தியும் வயிற்றுவலியும் வந்த பிறகும் மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன்: பிரெட்னிசோலோன் 7.5 மில்லிகிராம், காலை உணவுக்குப் பின். முதல் மறுமொழியில் ஸ்டீராய்டு பற்றிய வரியை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நாளையிலிருந்து நேரத்தைக் குறிக்கும் நோட்டை அவரே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.