பதில்: நினைவு மண்டப நிதி – சின்னையாவைப் பற்றி

அன்பான ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்களை வளர்த்து ஆளாக்கி அண்மையில் காலமான சின்னையாவின் பெயரில் 40 இலட்சம் ரூபாய் செலவில் நினைவு மண்டபம் என்று செயலாளர் அண்ணர் அனுப்பிய மடலுக்கும், அதற்கு வந்த பதில்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அவருடைய அந்தியேட்டிக் கிரியை முடியட்டும் என்று இதுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் "ஒரு சீட்டாட்டக்காரரின் பெயரில் ஊர்க் காசைக் கொட்டுவதா" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் வரிசையாக ஆமோதித்த பிறகும் பேசாமல் இருந்தால் நான் அவர் வளர்த்த பிள்ளை இல்லை.

மண்டபம் வேண்டாம். அம்மாவும் அதையே சொல்கிறார். அந்தியேட்டிக்குப் போன தம்பி வாசிகசாலையைப் பார்த்துவிட்டு அன்றிரவே எனக்குத் தொலைபேசி எடுத்தான். மேற்கு விறாந்தையின் மரங்களைக் கறையான் அரித்துவிட்டது. விரலால் குத்தினால் மாவாக உதிர்கிறதாம். ஓடுகள் சரிந்து, உள்ளே வானம் தெரிகிறது. பத்திரிகை விரித்து வாசிக்கும் சாய்மேசை ஒரு கால் இல்லாமல் சுவரோடு சாய்ந்து கிடக்கிறது. இந்தக் கட்டடத்தை இப்படி விட்டுவிட்டு, பக்கத்து வளவிலே பளிங்குத் தரை போட்ட மண்டபம் கட்டி, அதற்குச் சின்னையாவின் பெயரை வைக்கப் போகிறீர்களா? அவர் வாழ்நாளில் மாலைப் பொழுதுகளைக் கழித்தது அந்த விறாந்தையில்தான்.

அவர் சீட்டாடினார் என்பது உண்மை. கப்பலில் சிகரெட் வைத்து ஆடியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஊரில் ஒரு சதம் வைத்து ஆடியதில்லை. வாசிகசாலை விறாந்தையில் யாராவது காசை எடுத்து வைத்தால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார். இதை அறிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அவர்களாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என்னைப் பெற்ற ஐயாவும் சின்னையாவும் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் ஒரே பக்கக் கைகள். ஐயா 1977இல் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது நான்கு வயது, தம்பி கைக்குழந்தை. சின்னையா அந்தச் சமயம் கடலில். கடிதம் அவர் கைக்குக் கிடைத்ததே பல மாதம் கழித்துத்தான். அதற்குப் பிறகு எந்தத் துறைமுகத்தில் கப்பல் நின்றாலும் அம்மாவின் பெயருக்குக் காசு வந்தது. வாசிகசாலைக்குப் பத்திரிகைக் காசும் தனியாக வந்தது. ஐயா அங்கே பொறுப்பாக இருந்தவர் என்பதால், அவர் விட்ட வேலை நிற்கக்கூடாது என்று. ஊரிலே இத்தனை ஆண்டு பத்திரிகை வாசித்தவர்கள் யார் காசில் வாசித்தோம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

1981இல் அவர் வந்து அம்மாவைக் கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கோயிலில் வைக்க விடவில்லை. பருத்தித்துறையில் பதிவுத் திருமணம். எங்கள் உறவில் பெரிய மாமியைத் தவிர ஒருவரும் வரவில்லை. கைம்பெண்ணைக் கட்டியவர் வீட்டுத் தண்ணீரும் குடிக்க மாட்டோம் என்று சொன்ன வீட்டிலிருந்துதான் இப்போது "எங்கள் குடும்பத்தின் பெருமை" என்று மடல் வருகிறது. பெருமை இருக்கட்டும். அவருடைய கல்வெட்டை, அதுதான் நினைவுப் புத்தகத்தை, அச்சடித்தபோது என்னையும் தம்பியையும் மக்களாகப் போடாமல் பெறாமக்கள் வரிசையில் கடைசியாகப் போட்டீர்களே, அதை யார் எழுதிக் கொடுத்தது? கொள்ளி வைத்தவன் தம்பி. அடுத்த அச்சில் திருத்த வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை.

அவர் உலகம் சுற்றிய கதையை ஒருவர் மடலில் "முப்பது நாடு பார்த்தவர்" என்று முடித்துவிட்டார். நாடுகளை எண்ணுபவர் இல்லை அவர். 1967இலிருந்து 1975 வரை சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தபோது ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போன கப்பல்களில் வேலை செய்தவர். அங்கே அலை எந்தப் பக்கமிருந்து வரும், சமையற்கட்டில் பானையை எப்படிக் கட்டி வைப்பார்கள் என்று சொல்லுவார். பனாமாக் கால்வாயில் கப்பல் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரம் ஏறி ஒரு ஏரியைக் கடந்து மறுபக்கம் இறங்குகிறது என்றபோது நான் நம்பவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாய்க்காலை மூன்று இடத்தில் மண்ணால் மறித்தார். முதல் தடுப்புக்குள் சிரட்டை ஒன்றை மிதக்கவிட்டு, மேலிருந்து தண்ணீரை மெல்லத் திறந்தார். சிரட்டை தானாக உயர்ந்தது. இரண்டு தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் தடுப்பை விலக்கினார். சிரட்டை அடுத்த அறைக்குள் போனது. வாழைக்குப் போக வேண்டிய தண்ணீர் எல்லாம் வீணாகிறதே என்று அம்மா சத்தம் போட்டார். அவரது வலக்கைச் சுட்டுவிரலில் மேல் கணு இல்லை, கப்பலைத் துறையில் கட்டும் கயிறு கொண்டுபோன விரல் அது. அந்த மொட்டை விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளி அவர் எனக்குக் காட்டிய பனாமா போதும்; பிறகு பாடசாலையில் படித்தது எதுவும் எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1937இல் புறப்பட்டு 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு வந்தது. ஓட்டிச் சென்றவர்கள் நம் கடற்கரை மனிதர்கள். ஒருமுறை கப்பல் பொஸ்டனில் நின்றபோது மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போக, சின்னையா ரயில் ஏறிக் குளொஸ்டருக்குப் போனார். அங்கே சுக்கான் சக்கரம் பிடித்து நிற்கும் மீனவர் சிலை ஒன்று கடலைப் பார்த்து இருக்கிறது. அதன் படம் போட்ட அஞ்சலட்டையை அம்மாவுக்கு அனுப்பினார். பின்பக்கம் ஒரே வரி: "நம்மவர்கள் வந்து இறங்கிய இடத்தில் நிற்கிறேன்." அந்த அட்டையை 1995 இடப்பெயர்வில் காணி உறுதியோடு சேர்த்து அம்மா கொண்டுபோய்க் கொண்டுவந்தார்.

1990 ஜூனில் போர் மூண்டு யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரமும் நின்றது. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துத் தம்பி மிதியைச் சுற்றுவான், அந்த டைனமோவில் வானொலிச் செய்தி கேட்போம். அது முடிந்ததும் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி உட்காருவோம். விறாந்தைக்காரர்களில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், ஆட்டத்துக்குக் கை காணாது. சின்னையா அம்மாவையும் எங்களையும் உட்காரவைத்து முந்நூற்றிநாலு பழக்கினார். பெண்பிள்ளைக்குச் சீட்டா என்று மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் சீட்டைப் பிரித்தார்.

ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் சேர்த்து 304. முதல் நான்கு சீட்டை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூற வேண்டும். 160க்குக் குறையாமல் கேட்டு, துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மிச்ச நான்கும் வரும். எனக்கு அதில் பயம். பாதிக் கையை வைத்துக்கொண்டு எப்படித் துணிந்து கேட்பது? "எதிரே இருப்பவரை நம்பிக் கேள், பிள்ளை" என்பார். எதிரே இருப்பவர் அவர்தான். அம்மா மட்டும் பயப்படவே மாட்டார். 200க்கு மேல் கேட்டுவிட்டு, துரும்பை வெற்றிலைத் தட்டத்தின் கீழே செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் பாக்கு வெட்டுவார். ஐயா இறந்த பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த இரவுகளில்தான். வெற்றி தோல்விக் கணக்கெல்லாம் புளியங்கொட்டையில்.

இந்த மனிதரைத்தான் சூதாடி என்கிறீர்கள்.

80களில் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறிய நம்மூர்ப் பையன்களுக்கு முகவரி கொடுத்தவர் யார், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் யார் என்று நான் விரிக்கவில்லை. அவருடைய கொப்பி இப்போது அம்மாவிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தவர்கள் பெயருக்கு எதிரே சரி போட்டிருக்கிறார். கொடுக்காதவர்கள் பெயரையும் தம் கையாலேயே கோடு போட்டு அடித்திருக்கிறார். அவர் அடித்த கணக்கை நான் எழுப்ப மாட்டேன், யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பக்கங்களில் பெயர் உள்ளவர்கள் அவரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

இனிக் காசு விடயம். பொருளாளர் அண்ணர் கணக்கைக் கேட்டது சரியே. அவரோடு எனக்கு வேறு மனத்தாங்கல் இருந்தாலும் இதில் அவர் பக்கம் நிற்கிறேன். தண்ணீர்த் தாங்கிக்குச் சேர்த்த காசின் கதை மறுபடியும் வேண்டாம். மண்டபத் திட்டத்தை நிறுத்துங்கள். மேற்கு விறாந்தைக் கூரையை முழுதாகக் கழற்றி, புது மரம் போட்டு, பழைய ஓட்டில் நல்லதைத் தெரிந்து வேயலாம். சாய்மேசைக்கும் நான்கு பேர் இருக்கும் மேசை ஒன்றுக்கும் ஊர்த் தச்சரிடம் சொல்லலாம். மண்டபச் செலவில் கால்வாசியும் வராது என்று தம்பி விசாரித்த மேசன் சொல்கிறார். குறைந்தது மூன்று பேரிடம் விலை எழுதி வாங்கி இங்கே போடுங்கள். கல்லில் பெயர் வெட்ட வேண்டாம் என்பது அம்மாவின் சொல். வருடாந்தப் பத்திரிகைக் காசை நானும் தம்பியும் பொறுப்பெடுக்கிறோம்.

விலைப்பட்டியல் வந்த கிழமையே எங்கள் பங்கு வரும். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றும் இந்தக் குழுவுக்கு வர வேண்டும். மாரி தொடங்கினால் அந்த மரம் தாங்காது. ஐப்பசிக்குள் வேலை முடிய வேண்டும்.

அம்மாவுக்காகவும் தம்பிக்காகவும் சேர்த்து,
மூத்த மகள், டொரொன்டோ