25% ஆர்டிஇ இடம்: பள்ளி மாற்றினால் அரசுப் பணமும் கூடவே வருமா?

கேள்வி (மருதம்):
கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஇ), ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25% இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்ந்த பிள்ளை 3ஆம் வகுப்பில் வேறு தனியார் பள்ளிக்குப் போனால், அரசு தரும் கட்டணம் அங்கே போகுமா? அரசு தருவது போக மீதிக் கட்டணத்தை முதல் பள்ளி பெற்றோரிடம் கேட்கலாமா?

எழுத்தாணி:
போகாது. இந்த இலவச இடத்தைத் தரும் பிரிவு 12(1)(சி) நுழைவு வகுப்புச் சேர்க்கைக்கு மட்டும். பிரிவு 5 தரும் பள்ளி மாறும் உரிமையிலும் சுயநிதிப் பள்ளிகள் விலக்கப்பட்டிருக்கின்றன. மாறினால் இலவச இடம் போய்விடும். வீடு மாறுவதாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே யோசியுங்கள்.

கணக்கன்:
மீதியைக் கேட்கக் கூடாது. பிரிவு 12(2): அரசின் தலா மாணவர் செலவு, பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு பள்ளிக்குத் தரும். உதாரணத்துக்கு, தலா செலவு 12,000, கட்டணம் 20,000 என்றால் பள்ளிக்கு வருவது 12,000. மிச்சம் 8,000 பள்ளியின் பாடு. கட்டணம் 9,000 என்றால் 9,000தான். தலா செலவு என்பது அரசுப் பள்ளிகளின் ஆண்டுத் தொடர்செலவை அங்கே படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. கட்டடச் செலவு சேராது. பணம் தாமதமாக வரும்போது சில பள்ளிகள் பெற்றோரை நெருக்குகின்றன. வாங்கினால் ரசீது கேளுங்கள், ரசீது இல்லாமல் புகாரை நிரூபிப்பது கடினம்.

மருதம்:
9ஆம் வகுப்பில்?

எழுத்தாணி:
8ஆம் வகுப்போடு சரி. பிறகு முழுக் கட்டணம். இன்னொன்று, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25% பொருந்தாது (உச்ச நீதிமன்றம், 2014). 25% இடம் தரும் பள்ளிகளின் பட்டியலில் அவற்றைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.