ரொசிட்டா மிஸ்ஸோனி: சமையலறைப் பாட்டி கதை போதும், அவர் வேலையைச் சொல்லுங்கள்

ஊசிமுனை:
ஜிக்ஜாக் பின்னலாடைக்குப் பேர்போன இத்தாலிய ஃபேஷன் நிறுவனம் மிஸ்ஸோனியைக் கணவரோடு தொடங்கி, 2025 புத்தாண்டு அன்று 93 வயதில் இறந்த ரொசிட்டா மிஸ்ஸோனியைப் பற்றி எங்கள் டிசைன் குழுவில் அரை மணி நேரம் பேச வேண்டும். இரங்கல் கட்டுரைகளைப் படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. ஒன்று, பெரிய குடும்பத்தின் பாட்டி, பேரப்பிள்ளைகள் சூழ மேசையில் உட்கார்ந்திருப்பார், காட்டில் காளான் தேடுவார் என்கிறார்கள். இல்லாவிட்டால் கணவர் ஒட்டாவியோ 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய கதை. சரி, இந்த அம்மா வேலையில் என்னதான் செய்தார்? அந்த ஜிக்ஜாக் யாருடையது?

பாவும்ஊடையும்:
ஒலிம்பிக் கதையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், அதிலேயே துணி வந்துவிடுகிறது. ஒட்டாவியோ 400 மீட்டர் தடை ஓட்டத்தில் இறுதிச்சுற்று வரை போய் ஆறாவதாக வந்தார், ஆனால் இத்தாலிய அணி அணிந்திருந்த கம்பளி டிராக்சூட்டே அவரும் நண்பரும் நடத்திய சின்னப் பட்டறையில் தயாரானதுதான். ஆங்கிலம் படிக்க லண்டன் வந்திருந்த ரொசிட்டாவுக்கு அப்போது 16 வயது.

அவரும் வெறுங்கையோடு வந்தவரில்லை. வட இத்தாலியின் வரேசே மாவட்டத்தில் கொலாசெக்கா என்ற ஊரில் அவர் குடும்பத்துக்குச் சால்வையும் பூவேலைத் துணியும் செய்யும் ஆலை இருந்தது. பிறந்ததிலிருந்து நூலைப் பார்த்து வளர்ந்தவர். 1953-இல் கல்யாணம், அதே வருஷம் கல்லராத்தே என்ற ஊரில் வீட்டோடு சேர்ந்த பட்டறை. பொதுவாகச் சொல்வது, வண்ணம் அவருடையது, உருவம் இவருடையது என்று: ஒட்டாவியோ கட்டம் போட்ட தாளில் நிறங்களை அடுக்குவார், அதை உடம்பில் உட்காரும் உடையாக்குவது ரொசிட்டா. இந்தப் பிரிப்பை நான் முழுசாக நம்பமாட்டேன். அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் நிறத்தில் வாயைத் திறக்காமலா இருந்திருப்பார்கள்!

நெளிகோடு:
ஜிக்ஜாக் பாதி மெஷினுடைய வேலை. தொடக்கத்தில் அவர்களிடம் இருந்த மெஷினில் கோடுதான் வரும், அதனால் கோடு போட்டார்கள். 1960-களில் ராஷல் என்ற பின்னல் மெஷினுக்குப் போனார்கள். அதில் நூல்கள் நீளவாக்கில் பாவு மாதிரி இறங்கும்; அவற்றைத் தாங்கும் பட்டை ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஊசி தூரம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் திரும்பி வரும். போகும்போது ஒரு சாய்வு, வரும்போது எதிர்ச்சாய்வு. அவ்வளவுதான் ஜிக்ஜாக்.

இங்கேதான் ரொசிட்டாவைக் கவனிக்க வேண்டும். ராஷல் அதுவரை சால்வை பின்னுகிற மெஷின், அதாவது அவர் பிறந்த வீட்டுத் தொழிலின் மெஷின். சால்வைத் துணியை எடுத்துச் சட்டையும் கவுனும் தைக்கலாம் என்று நினைக்க, அந்தத் துணி எப்படித் தொங்கும், எங்கே பிரியும் என்று கை அறிந்திருக்க வேண்டும்.

ஊசிமுனை:
இது நான் தேடியது! 1967 ஃப்ளோரன்ஸ் ரகளையையும் சேர்க்கலாமா, இல்லை அது வெறும் வம்பா?

பாவும்ஊடையும்:
தாராளமாகச் சேருங்கள். ஃப்ளோரன்ஸின் பலாட்ஸோ பித்தி அரண்மனையில் ஃபேஷன் காட்சி. மெல்லிய பின்னலுக்குள் மாடல்களின் பிரா அசிங்கமாகத் தெரிகிறது என்று ரொசிட்டா கழற்றச் சொல்லிவிட்டார். மேடை விளக்கு பட்டதும் துணியே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பெரிய சர்ச்சை, அடுத்த தடவை அழைப்பே இல்லை. அவர் கவலை முழுக்கத் துணி எப்படி விழுகிறது என்பதில், ஊர் என்ன சொல்லும் என்பதில் இல்லை. அப்புறம் மிலானில் காட்டினார்கள், 1970-இல் நியூயார்க்கின் பெரிய பல்பொருள் அங்காடியான ப்ளூமிங்டேல்ஸுக்குள்ளேயே மிஸ்ஸோனி கடை வந்துவிட்டது.

மூன்றாம்பேத்தி:
குடும்பத்தையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள், அங்கே வீடு வேறு வேலை வேறு இல்லை. சுமிராகோ என்ற ஊரில் ஆலை, பக்கத்திலேயே வீடு, மூன்று பிள்ளைகளும் தொழிலுக்குள். 1997-இல் 65 வயதில் ஆடைப் பொறுப்பை மகள் ஆஞ்செலாவிடம் கொடுத்துவிட்டு இவர் மெத்தை, விரிப்பு, போர்வை என்று வீட்டுப் பொருட்களைக் கையிலெடுத்தார். ஓய்வு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள், அது தனித் தொழிலாகவே வளர்ந்தது.

2013-ஐயும் சொல்லுங்கள். ஜனவரியில் மூத்த மகன் வித்தோரியோ போன சிறு விமானம் வெனிசுவேலா கடலில் காணாமல் போனது. மே மாதம் ஒட்டாவியோ இறந்தார். விமானம் கிடைத்தது ஜூனில்தான். அப்போது ரொசிட்டாவுக்கு 81 வயது, அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை.

நெளிகோடு:
ஒரு சின்னத் திருத்தம், "முழுக்கக் குடும்ப நிறுவனம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 2018-லேயே 41.2 சதவீதப் பங்கை ஓர் இத்தாலிய முதலீட்டு நிதி 7 கோடி யூரோவுக்கு வாங்கிவிட்டது.