உருமாறும் உலோக ரோபோவின் கால் நிற்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

நண்பர்களே, ரொம்ப நாள் காசு சேர்த்து வாங்கிய டை-காஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) பொம்மை ரோபோ ஒன்று என்னிடம் இருக்கிறது. விமானமாக உருமாறும் வகை. இரண்டு வருடம் அலமாரியில் கம்பீரமாக நின்றது. இப்போது வலது கால் மெல்ல விரிந்து, ஆளே சாய்ந்துவிடுகிறது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

காரணம் ஓரளவு புரிகிறது. கால்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை; ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைவிட சுமார் 6 மடங்கு அடர்த்தி. அந்த எடையைத் தாங்கும் இடுப்பு மூட்டின் உள்பக்கமோ பிளாஸ்டிக். காலைத் திருப்பும்போது முன்பு கேட்ட ‘டக் டக்’ சத்தம் இப்போது இல்லை. உள்ளே பற்கள் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பந்து மூட்டு தளர்ந்தால் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு மாட்டுவார்கள். பல் வைத்த மூட்டுக்கு அது சரிவருமா? சூப்பர் குளூ வைக்கப் பயமாக இருக்கிறது, ஒட்டிக்கொண்டால் உருமாற்றமே போய்விடும்.

இடுப்பைத் திருகு கழற்றித் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் சுருள்வில் தெறித்துவிடுமா? அப்புறம், கழற்றும்போது பெயின்ட் உரியாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

மூட்டின் படங்களைக் கீழே போடுகிறேன்.