எம்பூஷருக்குத் தமிழ்: இதழ்ப்பிடியா, உதட்டுக்கட்டா?

மட்டக்களப்பிலிருந்து:

பாண்ட் பயிற்றுநர்களுக்கான சொற்பட்டியலில் இரண்டு இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்குது. ஒன்று எம்பூஷர், அதாவது ட்ரம்பெட் ஊதும்போது உதட்டையும் வாயையும் வைத்திருக்கும் விதம். மற்றது, அணிநடையில் ட்ரம்பெட்டைத் தூக்கிப் பிடிக்கும் சாய்வு. இல்ல விளையாட்டுப் போட்டி ஒத்திகைகள் தொடங்குமுன் முடித்துவிட்டால் நல்லது. 'இதழ்ப்பிடி', 'குழற்சாய்வு' என்று வைக்கலாமா? பிரெஞ்சில் எம்பூஷர் என்பது ஆறு கடலில் விழும் இடத்துக்கும் பெயர். அந்தக் கணக்கில் பாலமீன்மடுப் பக்கம் இருக்கிற எங்கள் முகத்துவாரமும் எம்பூஷர்தான். ஆனாலும் பிள்ளையின் வாயைக் காட்டி முகத்துவாரம் என்று சொல்ல ஏலாது.

கல்முனையிலிருந்து:

சேர், 'பிடி' வேண்டாம். பிடி என்று கேட்ட பிள்ளை வலது சின்னவிரலைக் குழலின் மேலுள்ள கொக்கிக்குள் மாட்டி, மௌத்பீஸை (வாய் வைத்து ஊதும் முனையை) உதட்டோடு இழுத்து அழுத்தும். நாங்கள் தடுக்கப் பார்ப்பதே அதைத்தான். நாகசுரத்தில் சீவாளி அதிருது. இங்கே உதடுதான் சீவாளி. கடைவாய் இரண்டும் இறுகி நிற்க வேணும், நடு உதடு அதிர இடம் வேணும். அழுத்தினால் நடு உதட்டுக்கு இரத்தம் போகாது, மேல் சுரங்கள் முதலில் போய்விடும். ஊதி முடித்து நெடுநேரம் உதட்டில் சிவந்த வளையம் மறையாமல் இருந்தால் அழுத்தம் கூடிப்போச்சு என்று அர்த்தம். 'உதட்டமைப்பு' என்றால் அது பிறவியில் வந்தது போல ஒலிக்குது. என் சொல் 'உதட்டுக்கட்டு'.

குழற்சாய்வில்தான் பெரிய சிக்கல். ஆங்கிலத்தில் 'ஹோர்ன் ஆங்கிள்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கோணம் ஒளிந்திருக்குது. ஒன்று குழலுக்கும் நிலத்துக்கும் இடையில். பார்வையாளர் காண்பது அது. மற்றது குழலுக்கும் முன்பற்களுக்கும் இடையில். சத்தத்தைத் தீர்மானிப்பது அது. "தூக்கு" என்று கத்தினால் பிள்ளை மணிக்கட்டை மட்டும் உயர்த்தும், தலை அசையாது. அப்போது மௌத்பீஸின் மேல்விளிம்பு மேலுதட்டில் குத்தும், கீழ்விளிம்பு விலகி அதன் வழியே காற்று கசியும். மேலுதடு மரத்துப்போய்ச் சத்தம் மெலியும்.

தூக்க வேண்டியது குழலும் தலையும் சேர்ந்து, ஒரே அளவாக. முதலில் நின்றபடி வசதியான சாய்வில் நடு ஜி சுரத்தை 8 எண்ணும் நேரத்துக்கு ஊதட்டும். பிறகு சுரத்தை விடாமல், தாடைக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி மாறாமல் மெல்ல நிமிரட்டும். சத்தம் எந்த இடத்தில் நெரிபடுதோ அதற்குக் கொஞ்சம் கீழேதான் அந்தப் பிள்ளையின் எல்லை. மேற்பல் முந்தி நிற்கும் பிள்ளைக்குக் குழல் இயல்பாகவே கீழ்நோக்கும். அதைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவரத் தலையை மட்டும் சாய்த்தால் தொண்டை இறுகும். கீழ்த்தாடையைச் சற்று முன்னே கொண்டுவந்து கிழமைக் கணக்கில் பழக்க வேணும், ஒத்திகை நாளில் இல்லை. கிடைமட்டத்துக்கு மேல் 10 பாகை என்பது அமெரிக்க டிரம் கோர்களில் (அணிநடை இசைக்குழுக்களில்) பழகிய அளவு. எங்களுக்குக் கிடைமட்டமே போதும் என்பேன். வெபர் மைதானத்தில் பார்வையாளர் வரிசையில் இருப்பவருக்கு 5 பாகை வித்தியாசம் கண்ணில் படாது.

இரண்டு கோணத்துக்கும் இரண்டு சொல் வேணும். நிலத்தோடுள்ளது 'ஏற்றக்கோணம்': கணிதப் புத்தகத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்ததுதான். பல்லோடுள்ளது 'பற்கோணம்'.

காரைதீவிலிருந்து:

ஏற்றக்கோணம், பற்கோணம் இரண்டுக்கும் மறுபேச்சில்லை. கட்டளையும் தெளிவாகுது: "ஏற்றக்கோணம் கூட்டு, பற்கோணம் மாற்றாதே."

'கட்டு' மட்டும் யோசிக்க வைக்குது. "தொண்டை கட்டிப்போச்சு" என்பது எங்கள் பேச்சு. 'வாய்க்கட்டு' என்றால் மந்திரவாதியிடம்தான் போக வேணும்! ஆனால் ஒரு சோதனை செய்து பார்த்தேன்: மைதானத்தில் சொல்லும் வினைச்சொற்களோடு சேர்த்தால் எது நிற்குது? "இதழ்ப்பிடி குலையுது" நாக்கில் ஒட்டவில்லை. "குதியை இடிச்சு வைக்காதே, உதட்டுக்கட்டு குலையுது" தானாக வருது. நடக்கும்போது முதலில் குதி பட்டு, பாதம் உருண்டு, விரல் நுனியில் முடிய வேணும். இடித்து வைத்தால் அதிர்ச்சி முதுகேறி, தோள் வழியாகக் கைக்கு வந்து மௌத்பீஸ் உதட்டில் துள்ளும். முழங்கையை விலாவிலிருந்து ஒரு கை அகலம் விலக்கிப் பிடித்தால் அந்த அதிர்ச்சியில் கொஞ்சத்தைக் கையே உள்வாங்கும். வெயிலில் சுருதி ஏறும்போது கடைவாயைத் தளர்த்தி இறக்கப் பார்ப்பதும் கட்டுக்குலைவுதான். சுருதி திருத்தும் நகர்குழாயான டியூனிங் ஸ்லைடை வெளியே இழுத்தால் முடிந்தது.

ஆகவே உதட்டுக்கட்டுக்கு என் சம்மதம். மௌத்பீஸ், ஸ்லைடு இரண்டையும் அப்படியே விடுங்கள். 1936 இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்கள் ஊரவர்தான். அதற்காக மௌத்பீஸை 'வாய்க்குமிழ்' ஆக்கினால் கடைக்காரனுக்கு விளங்காது.

பட்டியலுக்கு:
உதட்டுக்கட்டு: கடைவாய் இறுகி, நடு உதடு அதிரத்தக்கதாக வாயை வைத்திருக்கும் நிலை.
ஏற்றக்கோணம்: குழல் கிடைமட்டத்தோடு ஆக்கும் கோணம்.
பற்கோணம்: குழல் முன்பற்களோடு ஆக்கும் கோணம். நடக்கும்போதும் நிற்கும்போதும் ஒன்றே.