புதுப்பிப்பு: வெப்கேமும் கையசைவும், தானாக விழுந்த கிளிக்குகள்

சாதாரண வெப்கேமை வைத்துக் கையசைவால் கர்சரை நகர்த்தப் பார்க்கிறேன், ஆனால் கை சும்மா இருந்தாலும் கிளிக் விழுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அது இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டால் கிளிக் என்று வைத்திருக்கிறேன். படத்தில் கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருளான மீடியாபைப் ஒரு கைக்கு எண்ணிட்ட 21 புள்ளிகள் தருகிறது. கட்டைவிரல் நுனி 4, ஆள்காட்டி விரல் நுனி 8. இந்த இரண்டின் இடைவெளியை அப்படியே எடுத்தால், கை கேமராவை விட்டுத் தள்ளிப்போனதும் அதுவும் சுருங்கி, விரல்கள் தொடாமலே கிளிக் ஆகிவிடும். அதனால் மணிக்கட்டுக்கும் (0) நடுவிரலின் அடிமூட்டுக்கும் (9) உள்ள நீளத்தால் வகுத்தேன். அப்புறம் கிளிக் தொடங்க ஒரு வரம்பு, விடுவதற்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய வரம்பு. படபடவென்று இரட்டைக் கிளிக் விழுவது அதோடு நின்றது. கர்சர் நடுக்கத்துக்கு ஒன் யூரோ ஃபில்டர் (அசைவின் நடுக்கத்தை வடிகட்டும் ஒரு கணக்கு முறை) போதும். மெதுவாக நகரும்போது நன்றாக அடக்கும், வேகமாக நகர்த்தினால் தாமதிக்காமல் விட்டுவிடும்.

தோள்வலிதான் உண்மையான எதிரி. கையை அந்தரத்தில் வெகுநேரம் வைத்திருக்க யாராலும் முடியாது (சினிமாவில் மட்டும் எப்படியோ முடிகிறது), அதனால் கேமராவை மேசைப் பக்கம் சாய்த்து, முழங்கையை ஊன்றிக்கொண்டேன்.

தட்டச்சுக்கு இன்னும் கீபோர்டுதான். 1980-இலேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ரிச்சர்ட் போல்ட் விரல் சுட்டலோடு குரலையும் சேர்த்துக் காட்டினார். அடுத்து குரலைச் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.