டிவைஸ் மேனேஜர் திறக்காத எக்ஸ்பியும் படகு நம்பரும்

திருகோணமலை டவுனில் ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறேன். படகு நம்பர், ஆட்டோவுக்குச் சாமி பெயர், கடைக் கண்ணாடி எழுத்து, இதுதான் வேலை. கட்டர் பழசு. அதன் சொஃப்ட்வெயர் விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி எதிலும் ஏறாது. மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலோடு எக்ஸ்பியைக் கைவிட்டுவிட்டது; புதுக் கட்டரின் விலையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நான் ஏன் கைவிடவில்லை என்று. நெட் வயரைக் கழற்றிவிட்டு வெட்டுறதுக்கு மட்டும் ஓட்டுகிறேன்.

கட்டரை மாட்டுவதற்கு மதர்போர்டில் இருந்த சீரியல் போர்ட் செத்தபிறகு யூஎஸ்பி–சீரியல் கேபிள்தான் கதி. இந்தக் கேபிளை வேறு ஓட்டையில் குத்தினால் எக்ஸ்பி அதைப் புதுச் சாமான் என்று நினைத்து அடுத்த கொம் நம்பரை, அதாவது போர்ட்டின் இலக்கத்தை, கொடுத்துவிடும். என் சொஃப்ட்வெயருக்கு கொம் 1 முதல் 4 வரைதான் தெரியும். கேபிளோ 9இல் போய் நின்றது. மாற்ற வேண்டுமென்றால், மெஷினில் மாட்டியிருக்கும் சாமான்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் வேணும். அதைத் திறந்தால், கோப்பைத் திறக்க ஏலாது, கோப்பே இல்லாமல் இருக்கலாம், அல்லது பிந்திய பதிப்பில் செய்ததாக இருக்கலாம் என்று ஒரு பெட்டி. சல்லி என்ற ஊரிலிருந்து படகு நம்பருக்கு வந்த ஐயா வாசலில் நின்றுகொண்டு, “தம்பி, நம்பர் இல்லாமல் படகை இறக்கேலாது” என்கிறார்.

பக்கத்துக் கடைப் பொடியன் “போமட் பண்ணுங்க அண்ணன்” என்றான். எதற்கெடுத்தாலும் போமட் என்கிற இந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. போமட் பண்ணினால் கட்டரின் டிரைவர் சீடிக்கு நான் எங்கே போவது?

ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன், அதே பெட்டி. சேர்விசஸும் அப்படியே. மூன்று கோப்பும் ஒன்றாகக் காணாமல் போகாதே. சிஸ்டம்32க்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் பத்திரமாகக் கிடக்கின்றன. டிவைஸ் மேனேஜர் கோப்பை நோட்பேடில் திறந்தேன். முதல் வரியே எக்ஸ்எம்எல் என்றது, தகவலைக் குறிகளுக்குள் எழுதும் ஒரு முறை. அங்கேதான் பொறி தட்டியது. எக்ஸ்பியில் இந்த நிர்வாகக் கருவிகள் எல்லாம் எம்எம்சி என்ற ஒரே சட்டகத்துக்குள் திறப்பவை. அவற்றின் கோப்புகள் எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்டவை. அதை வாசித்துக் கொடுப்பது எம்எஸ்எக்ஸ்எம்எல்3 என்ற டிஎல்எல், மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டு வேலை வாங்கும் ஒரு கோப்பு. கடிதம் கையில் இருக்கிறது, வாசிக்கிறவனைத்தான் காணோம். யாரோ ஓட்டிய ரெஜிஸ்ட்ரி கிளீனர், விண்டோஸின் பதிவேட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த டிஎல்எல்லின் பதிவைத் துடைத்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட், ரன். எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்: ஆர் இ ஜி எஸ் வி ஆர் 32, ஒரு இடைவெளி, எம் எஸ் எக்ஸ் எம் எல் 3 டொட் டி எல் எல். பதிவு வெற்றி என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. டிவைஸ் மேனேஜர் ஒன்றும் நடக்காததுபோலத் திறந்தது. போர்ட்டின் புரொப்பர்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் போய் 9ஐ 2 ஆக்கினேன். ஐயாவின் நம்பர் வெட்டியாயிற்று.

*கிண்ணியாவிலிருந்து:*
அண்ணன், எனக்கு வேற மாதிரி. டிவைஸ் மேனேஜர் திறக்கும், ஆனா உள்ளுக்கு வெள்ளைத் தாள், ஒரு சாமானும் இல்ல. மெஷின் வேகமாகும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு மச்சான் கண்ட சேர்விஸ் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கார், அதுல பிளக் அண்ட் பிளேயும் ஒண்டு. அதை ஆட்டோமெட்டிக்கில போட்டு ரீஸ்டார்ட் பண்ணினதும் பட்டியல் முழுக்க வந்துட்டுது. உங்கட்ட ஒரு கேள்வி: 2ஆம் நம்பர் பாவனையில் இருக்கு என்று காட்டினா என்ன செய்யிற? இங்க அப்படித்தான் நிக்குது.

*கடைக்காரர்:*
தம்பி, அது அநேகமாக எப்போதோ கழற்றிய கேபிளின் ஆவி. கொமாண்ட் புரொம்ப்டில் செட் என்று தொடங்கி, ஒரு இடைவெளி விட்டு, டெவ்எம்ஜிஆர்_ஷோ_நொன்பிரசென்ட்_டிவைசஸ் சமம் 1 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அதற்குப் பிறகு சொற்களுக்கு இடையில் வருவது அடிக்கோடு, இடைவெளி இல்லை; சமக் குறிக்கு இருபக்கமும் இடம் விடவேண்டாம். அந்தக் கறுப்பு ஜன்னலை மூடாமல், அதிலேயே டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேணும், அதுதான் முக்கியம். வியூ மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழைய போர்ட்டுகள் மங்கலாகத் தெரியும். உங்களுக்குத் தேவையில்லாத மங்கலான போர்ட்டை மட்டும் அன்இன்ஸ்டோல் பண்ணுங்கள். மற்ற தலைப்புகளின் கீழும் மங்கலாக நிறைய நிற்கும், அதுகளில் கை வைக்க வேண்டாம்.